உன் தாய்மாமன் பெயரில் செய்த பூக்கள்

மகனுக்கு,

உன்னுடைய நாலு வரி வந்து சேர்ந்தது. ஒரு இன்லண்டு லெட்டரில் எவ்வளவு இடம் இருக்கிறது! அதில் முக்கால்வாசியை வெள்ளையாக விட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறாய். அம்மா எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட உன் பேனாவில் மை இல்லை. சந்தியாகு மாமாவைக் கல்யாணத்துக்குக் கூப்பிடக் கூடாது, அப்பாவின் சாவுக்குக் காரணமான ஆள் கோவில் வாசலில் நின்றால் நீ வந்த ரயிலிலேயே பம்பாய்க்குத் திரும்பிவிடுவாய், இப்படிக்கு மகன். அவ்வளவுதான். கப்பல் கம்பெனியில் ஃபைல் தூக்கிக் கொடுக்கிறவனுக்குத் தீர்ப்பு எழுதவும் வருகிறதே என்று முதலில் சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை. இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தேன். வேறெங்கே, என் வாயிலிருந்துதான். இத்தனை வருடம் நான் மென்று துப்பியதை நீ பொறுக்கி எடுத்து, பம்பாயில் இஸ்திரி போட்டு, எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறாய்.

இதற்குப் பதில் ஒரு இன்லண்டு லெட்டரில் அடங்காது. கான்வென்ட் அடுப்படியில் மத்தியானப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மதரிடம் கோடு போட்ட தாள் கேட்டு வாங்கி, இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன். நீ இதை ஆபீசில் வைத்துப் படிக்காதே. புத்தி சொல்லும் கடிதம் என்றும் நினைத்துக்கொள்ளாதே. புத்தி சொல்லத் தகுதி உள்ள அம்மாக்கள் வேறு தெருவில் இருக்கிறார்கள்.

உன் மணப்பாட்டு மாமனார் வீட்டார் கேட்டு அனுப்பிவிட்டார்கள், மாப்பிள்ளையைக் கோவிலுக்குக் கூட்டிவரப்போகிற தாய்மாமன் யார் என்று. தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகாத மாப்பிள்ளையை நம் தெருவில் நீ பார்த்திருக்கிறாயா? எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவன் ஓர் உதவாக்கரை. இதில் எனக்கு அன்றும் இரண்டாம் அபிப்பிராயம் இல்லை, இன்றும் இல்லை. இந்தக் கடிதம் முடியும்போது நான் அவன் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரைந்துவிடுவேன் என்று நீ பயப்பட வேண்டாம்.

நீ கடலில் கால் நனைக்காமல் வளர்ந்தவன். நான்தான் நனைக்க விடவில்லை. ஆகையால் அந்தக் கயிற்றைப் பற்றி உனக்குச் சரியாகத் தெரியாது. நான் அழுதுகொண்டே சொன்னது மட்டும்தான் தெரியும். சங்கு குளிக்கிறவருக்குக் காலடியில் ஒரு கல், அது அவரைப் பத்துப் பாகம், அறுபது அடி ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். இடுப்பில் ஒரு கயிறு, அது அவரைத் திரும்ப மேலே கொண்டுவரும். மூச்சு முட்டும்போது அவர் கயிற்றைச் சுண்டுவார். வள்ளத்தில் இருப்பவன் அந்த நொடியே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிப்பவன் பெண்டாட்டியின் கூடப் பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது நம் ஆட்களின் வழக்கம். முத்துக் குளித்த காலத்திலிருந்து அப்படித்தான். கூடப் பிறந்தவளின் தாலியை அறுக்க எந்த ஆண்பிள்ளைக்கும் மனம் வராதாம். எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு! மனம் வராதுதான். கவனம் வருமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

உனக்கு அப்போது ஒன்பது வயது. அன்றைக்குக் காற்று கொஞ்சம் அதிகம். உன் அப்பா இறங்கிய பிறகு சந்தியாகு கயிற்றைக் கால் பெருவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பீடி பற்றவைத்திருக்கிறான். குச்சி அணைந்திருக்கிறது. இன்னொரு குச்சி. அதுவும் அணைந்திருக்கிறது. மூன்றாவது குச்சி. கீழே உன் அப்பாவின் கால் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. மேலிருந்து இழுத்தால்தான் விடுபடும். கயிறு சுண்டியது சந்தியாகுவுக்குத் தெரியவில்லையா, வள்ளம் ஆடியது என்று நினைத்துக்கொண்டானா, அது அவனுக்கே தெரியாது. பக்கத்தில் இருந்தவர்கள் கத்திய பிறகுதான் இழுத்தான். மூக்கிலும் காதிலும் ரத்தத்தோடு உன் அப்பா வந்தார். கரைக்கு வரும்வரை உயிர் தாங்கவில்லை.

கடற்கரையில் நான் செய்ததை நீ பார்த்தாய், உன் கையை நான் விடவே இல்லை. "ஏலே கொலகாரப் பாவி, ஒரு பீடிக்காகவால என் தாலிய அறுத்த?" என்று கத்திக்கொண்டே மண்ணை அள்ளி அள்ளி அவன் முகத்தில் போட்டேன். அவன் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. கண்ணில் விழுந்த மண்ணைக்கூடத் துடைக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. பேச நாக்கு இல்லாத ஜென்மம் என்று அதற்கும் திட்டினேன். அதன் பிறகு அவன் கடல் பக்கம் போகவில்லை. கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டி வைத்தால்தான் பயமில்லாமல் பார்க்க முடியும் என்பதுபோல, உப்பளத்தில் போய் உப்பு வாரும் வேலையில் சேர்ந்துகொண்டான்.

நான் அத்தோடு விட்டேனா? அவன் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் காறித் துப்ப உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். உனக்குத் துப்பத் தெரியாது, சட்டையில் வழியும். தெரிந்துகொள்ளும்வரை பழக்கினேன். உன் புதுநன்மைக்கு, நீ முதல் நற்கருணை வாங்கிய அன்று, அவன் ஒரு மெழுகுதிரி வாங்கிக்கொண்டு வந்தானே, ஞாபகம் இருக்கிறதா? வெள்ளை ரிப்பன் சுற்றிய, உன் கை உயரத்துக்குப் பெரிய திரி. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். நான் அதை வாங்கி உன் கையில் கொடுத்து, அவன் காலடியில் போடச் சொன்னேன். நீ போட்டாய். திரி இரண்டாக உடைந்தது. அவன் குனிந்து இரண்டு துண்டையும் பொறுக்கிக்கொண்டு போனான். நற்கருணை வாங்கி ஒரு மணி நேரம்கூட ஆகாத பிள்ளையின் முகத்தில் அன்றைக்கு எவ்வளவு பெருமை! அதைப் பார்த்து எனக்கும் பெருமை. நாம் இரண்டு பேரும் அன்றைக்கு இருந்த லட்சணத்துக்கு நம்மைக் கோவிலுக்குள் விட்டதே பெரிய காரியம்.

பரலோக மந்திரம் சொல்லும்போது, தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல என்ற இடம் வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். மற்றவர்கள் அந்த வரியைத் தாண்டிய பிறகு திறப்பேன். இதில் எனக்கு ஒரு கர்வம். ஊரே பொய் சொல்லும்போது நான் ஒருத்தி பொய் சொல்லாமல் நிற்கிறேனாம். உன் அப்பா போய் மூன்று வருடம் கழித்து, தவக்காலம் தொடங்கிய சமயத்தில், பாவசங்கீர்த்தனத்தில் இதைப் பாவமாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னேன். அப்போதிருந்த பங்குச்சாமி வயதானவர், மூக்குப்பொடி போடுவார், பேசுவதைவிட உறிஞ்சுவது அதிகம். பெரிய பிரசங்கம் ஒன்று வரும், அதற்குப் பதில் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன்.

"சரி, மன்னிக்க வேண்டாம்," என்றார். "தூம்பாவுக்குக் காகிதப் பூ செய்யுத அம்மா படுத்த படுக்கையாக் கெடக்கா. இந்த வருசம் நீ செய். தவக்காலம் நாப்பது நாளும் நாளுக்கு நாலு பூ. ஒவ்வொரு பூவையும் கம்பியில கட்டும்போது அவன் பேரை ஒரு தடவ சொல்லணும்."

"வெறும் பேரை மட்டுமா சாமி?"

"முன்னால பின்னால என்ன சேக்கணுமோ, அது உன் இஷ்டம்."

பம்பாயில் நீ மறந்திருப்பாய். பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவரின் சுரூபத்தைக் கிடத்தி, எட்டுப் பேர் தோளில் வைத்துத் தெருவைச் சுற்றிக் கொண்டுவருவார்களே, அந்தப் பாடைதான் தூம்பா. அதைச் சுற்றிலும் பூக் கட்ட வேண்டும். ஊரில் பூ செய்ய ஆள் கிடைக்கவில்லை, இந்த மனிதர் என் பாவத்தை வைத்துத் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். வெறுப்பால் எரிகிறவளிடம் கத்தரிக்கோலைக் கொடுத்து, கத்தரித்துக்கொண்டிரு, எல்லாம் சரியாகப் போகும் என்று சொல்வது ஒரு வைத்தியமா? ஆனால் அவன் பெயருக்கு முன்னால் என்ன வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்றாரே, அது எனக்குப் பிடித்திருந்தது. திட்டுவதற்குத் திருச்சபையே அனுமதி கொடுத்தபிறகு யாருக்கு வலிக்கும்?

நீ பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். நான் ஊதாவிலும் வெள்ளையிலும் சுருக்கக் காகிதத்தை இதழ் இதழாக வெட்டி, மைதாப் பசை தடவி, கம்பியில் சுற்றுவேன். சோம்பேறி சந்தியாகு. கண்ணவிஞ்ச சந்தியாகு. பீடிக்குப் பிறந்த சந்தியாகு. மண்ணாங்கட்டி சந்தியாகு. நாலு பூ முடிந்துவிடும், எனக்கு ஆத்திரம் முடியாது. இன்னும் திட்டுவதற்காகவே ஐந்தாவது, ஆறாவது செய்தேன். "அம்மா பூவோட சண்ட போடுதா" என்று நீ சிரிப்பாய். புது வசவு உனக்குத் தோன்றினால் எடுத்துக் கொடுப்பாய். நான் மெச்சிக்கொள்வேன். அந்த வருடம் தூம்பாவில் கட்டிய பூ அத்தனையும், உப்புக் காற்றில் ஊறி, பவனி பாதித் தெரு வருவதற்குள் தலை தொங்கிவிட்டது. ஒவ்வொரு பூவும் அவன் பெயர் சொல்லிச் செய்தது அல்லவா? சந்தியாகு தொங்குகிறான் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். சாமி செய்யச் சொன்ன பரிகாரம் இப்படி முடிந்ததே என்று ஒரு நமட்டுச் சிரிப்பு.

அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்தான். முக்கு வீட்டுக்காரி, யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும், ஜெபமாலை உருட்டிக்கொண்டே என் காதில் விழும்படி பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னாள். "பூவா ஏளா இது? வெங்காயத் தொலி மாதிரில்லா கெடக்கு." என் புருசன் செத்தபோது இவள் சொன்ன ஆறுதலைவிட இது எனக்கு ஆழமாக இறங்கியது. அடுத்த வருடம் தவக்காலம் தொடங்குவதற்கு முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன். கோவிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகளைக் கேட்டு வாங்கி உருக்கி, பூவை அதில் முக்கி எடுத்தால் காற்றில் தொங்காது என்று கண்டுபிடித்தேன். மெழுகு அதிகம் சூடானால் காகிதம் சாயம் விடும், ஆறினால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஒடிந்த குடைக்கம்பியில் இதழின் விளிம்பைச் சுருட்டினால் நிஜப் பூவைப்போல வளையும். பசையில் துளி மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது. அந்த வருடம் பூ நிமிர்ந்து நின்றது. முக்கு வீட்டுக்காரி பக்கத்தில் வந்து தொட்டுப் பார்த்தாள். ஆண்டவர் உயிர்த்தெழுந்ததைவிட அது எனக்குப் பெரிய ஈஸ்டராக இருந்தது. இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

பிரசங்கத்தில் சொல்வார்களே, மன்னிப்பு வானத்திலிருந்து இறங்கும், உள்ளம் உருகும், கண்ணீர் வழியும் என்று. எனக்கு ஒரு மண்ணும் இறங்கவில்லை. எனக்கு நடந்தது வேறு. பூ நன்றாக வர வேண்டும் என்ற வீம்பு வந்ததும், திட்டுவதற்கு நேரம் குறைந்துவிட்டது. நாள்தோறும் நாலு பூ, தவக்காலம் முழுவதும், வருடா வருடம். எத்தனை வசவுதான் ஒருத்திக்குத் தெரியும்? சரக்குத் தீர்ந்துவிட்டது. பழையதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். ஆயிரம் தடவை சொன்ன வசவில் காரம் எங்கே இருக்கும்? சோம்பேறி சந்தியாகு என்பது அவனுடைய முழுப் பெயர் என்பதுபோல ஆகிவிட்டது. நீ பம்பாய்க்குப் போன வருடம், எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல், ஒரு பூவை மெழுகிலிருந்து தூக்கும்போது வெறும் சந்தியாகு என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு எனக்கே கோபம் வந்தது. பூவைப் பிரித்துப் போட்டு, மறுபடியும் கட்டி, இரண்டு வசவு சேர்த்துச் சொன்னேன். ஆனால் நாடகத்தில் வசனம் சொன்னதுபோல இருந்தது.

போன வருடத் தவக்காலத்தில்தான் அது நடந்தது. பூவை முக்கும்போது கை ஆடக் கூடாது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அன்றைக்கு அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் பால்காரர் கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். கம்பி கைநழுவி, பூ அடுப்பில் விழுந்து, மெழுகோடு குப்பென்று பிடித்துக்கொண்டது. "கவனமில்லாத மூதேவி" என்று என்னை நானே வாய்விட்டுத் திட்டினேன். திட்டிய பிறகுதான் காதில் விழுந்தது. அது சந்தியாகுவுக்கு என்றே நான் வைத்திருந்த வசவு. வேறு எவருக்கும் அதுவரை கொடுத்ததில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு அதற்குமேல் பூ செய்யவில்லை. அவனைத் திட்டித் திட்டி மூடி வைத்திருந்த ஒன்று, வசவு தீர்ந்ததும் மேலே வந்து நின்றது. அதை உனக்கு நான் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன். நிதானமாகப் படி.

உன் அப்பாவுக்குச் சந்தியாகு கயிறு பிடிப்பதில் இஷ்டமே இல்லை. கீழக்கரையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவர் உறவும் இல்லை, நம் வேதமும் இல்லை. ஆனால் இருபது வருடமாகக் கயிறு பிடித்துப் பழகிய கை. உன் அப்பா அவரிடம் பேசி முடித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்.

"ஏளா, சந்தியாகு நல்ல பய. ஆனா அவனுக்கு ஒரு இடத்துல புத்தி நிக்காது. கீழக்கரையாரு பிடிக்கட்டும்."

"ஓகோ. என் தம்பி உசிரோட இருக்கும்போது அந்நியன் கையில கயித்தக் குடுப்பீகளோ? நாளைக்கு நான் தெருவுல நடக்க வேண்டாமா? எங்க வீட்டு ஆளு ஆகாதுன்னா என்னைய எதுக்குக் கெட்டுனீக?"

"அது இல்லளா, தண்ணிக்குள்ள போறவன் நான்லா..."

அவரைப் பேசி முடிக்க விடவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டுத் தள்ளிவிட்டேன். முக்கு வீட்டுக்காரியின் அண்ணன் அவள் புருசனுக்குக் கயிறு பிடிக்கிறான், என் தம்பி மட்டும் கரையில் நின்று வலையை வேடிக்கை பார்க்க வேண்டுமா? இதுதான் என் வியாகுலம். உன் அப்பா சண்டைக்கு ஆகாதவர். மூன்றாம் நாள் காலை, "சரி, ஒன் தம்பியவே வரச் சொல்லு" என்றார். வெற்றி என்று நினைத்தேன். நானே போய் அவனை எழுப்பி அனுப்பினேன். அன்று மத்தியானம் கடற்கரையில் மண்ணை அள்ளி வீசியவளும் இதே நான்தான். அவ்வளவு சத்தம் போட்டதே, எனக்குள் இருந்த இந்தச் சங்கதி எனக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று இப்போது தெரிகிறது. உன் மாமன் மூன்று குச்சி நேரம் கவனம் தப்பினான். நான் இரண்டு நாள் முழுக் கவனத்தோடு உட்கார்ந்து செய்தேன்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஒரு வருடம் சும்மா இருந்தேன். பூ மட்டும் செய்தேன். இந்தத் தவக்காலத்தில் அவன் பெயரோடு என் பெயரையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். அதற்குமேல் தைரியம் வரவில்லை. உன் கடிதம் வந்த மறுநாள்தான் கிளம்பிப் போனேன், ஆகையால் அந்த நாலு வரிக்கு அந்த அளவில் நன்றி. புதுத் துறைமுகம் போகிற பாதையில் நடந்தேன். கப்பல் கரையை ஒட்டி வந்து நிற்கிறதாம், அதைப் பார்க்க ஜனங்கள் டிபன் கட்டிக்கொண்டு பிள்ளை குட்டிகளோடு பஸ்ஸில் போகிறார்கள். நான் பாதி வழியில் பாதையைவிட்டு இறங்கி வரப்பு வழியாக உப்பளத்துக்குள் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அவன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நீளக் கம்பு போட்ட பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தான். காலெல்லாம் வெடிப்பு. என்னைவிட ஆறு வயது சின்னவன், என் அப்பா மாதிரி இருந்தான். பாவம் என்று தோன்றவில்லை. இவனுக்குக் காலுக்கு எண்ணெய் தேய்க்கக்கூடத் தெரியாதா என்றுதான் தோன்றியது.

"என்னக்கா, யாருக்கும் மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்டான். பதினாறு வருடம் பேசாதவள் வருகிறாள் என்றால் சாவுச் செய்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறான்.

குறுக்கே பேசாமல் கேள் என்று சொல்லிவிட்டு, உனக்கு மேலே எழுதியதை அப்படியே அவனிடம் சொன்னேன். கீழக்கரைக்காரரை ஏற்பாடு செய்தது, நான் மல்லுக்கட்டியது, எல்லாம். அவன் பலகையை வரப்பில் சாய்த்து வைத்தான்.

"இது எனக்குத் தெரியும்லாக்கா."

"என்னல தெரியும்?"

"அன்னைக்கு வள்ளத்துலயே அத்தான் சொன்னாவ. 'ஒங்க அக்கா ரெண்டு நாளா எங்கூடப் பேசல, அதனாலதாம்ல ஒன்னையக் கூட்டிட்டு வாரேன், பாத்துப் பிடி'ன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாவ."

"பொறவு ஏம்ல வாயத் தெறக்கல? அத்தன சனத்துக்கு முன்னால ஒன் மூஞ்சில மண்ண அள்ளிப் போட்டனே, அப்ப சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லி என்ன செய்ய? பீடி பத்தவச்சது நாந்தான. அதுல என்ன பொய்யி?" என்றான். பலகையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டான். "அத்தானும் போயாச்சு. ஒம் மேலயும் பழி விழுந்துச்சின்னா நீ நேராக் கடல்ல போயித்தான் விழுவ. பிள்ள சின்னப் பய. ஒனக்கும் திட்டுததுக்கு ஒரு ஆளு வேணும்லாக்கா. நான் இருந்துட்டுப் போறேன்னு இருந்துட்டேன்."

சொல்லிவிட்டு மடியிலிருந்து ஒரு பீடியை எடுத்துப் பற்றவைத்தான். ஆமாம், இன்னும் குடிக்கிறான். அந்தத் தீக்குச்சியைப் பார்த்ததும், அவன் அப்போதுதான் சொன்ன அத்தனையையும் மறந்து, ஓங்கி ஓர் அறை விடலாமா என்று என் கை துடித்தது. நான் அடக்கிக்கொண்டேன். இப்போதும் அவனைப் பார்த்தால் எனக்கு மரியாதை வரவில்லை, இனிமேல் வரும் என்றும் தோன்றவில்லை. மன்னிப்பதற்கு மரியாதை வேண்டியதில்லை என்பதை மட்டும் இந்தப் பூக்களால் தெரிந்துகொண்டேன். ஆனால் அன்றைக்கு நான் உடைந்துபோனது அவனை மன்னித்ததால் அல்ல. ராணி மாதிரி நின்று, குனிந்து, அவனுக்கு மன்னிப்பைப் போட்டுவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். அவன் பதினாறு வருடத்துக்கு முன்பே, கண்ணில் மண்ணோடு உட்கார்ந்திருந்தபோதே, என்னை மன்னித்து முடித்துவிட்டான். பூ செய்யாமல், பூசை வைக்காமல், ஒருவரிடமும் சொல்லாமல். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த உப்பளத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவன் என்ன செய்வதென்று தெரியாமல், குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அதிலும் உப்புக் கரித்தது.

கல்யாணத்தைப் பற்றிச் சொன்னேன். உன் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அவனாகவே, "நான் வரலக்கா. மருமவனுக்கு மனசு சங்கடப்படும். கோவிலுக்கு எதுத்தாப்புல நின்னு பாத்துக்கிடுதேன்" என்றான். "வாய மூடு. மாலையோட வா, வேட்டிய வெளுத்துக் கெட்டிட்டு வா, அன்னைக்கு ஒரு நாளாவது பீடியைத் தொடாம வா" என்று சொல்லிவிட்டு வந்தேன். மணப்பாட்டுக்கும் அவன் பெயரைத்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன். உன்னைக் கேட்டுச் செய்யவில்லை.

இனி உன் விஷயம். நீ பதினாறு வருடமாக வெறுக்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு வேறு ஆளை வெறுத்திருக்கிறாய். ஆளை மாற்றிக் காட்டியவள் நான். ஆகையால் உன் மாமனை நீ மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவனிடம் உனக்கு மன்னிக்க அதிகம் இல்லை. என்னை மன்னித்துவிடு என்றும் கேட்கவில்லை. கேட்டவுடனே கிடைக்கும் மன்னிப்பு எவ்வளவு மட்டமான சரக்கு என்று எனக்குத் தெரியும். உனக்குப் பூ செய்ய வராது. சின்ன வயதில் நோட்டின் ஓரத்திலெல்லாம் தோணி வரைவாய், பாய்மரம் கோணலாக இருக்கும். இப்போதும் வரைவாயோ என்னவோ. நாளைக்கு ஒன்று வரை. மறுநாள் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் என் பெயரை ஒரு தடவை சொல்லு. முன்னால் பின்னால் என்ன சேர்க்கத் தோன்றுகிறதோ தாராளமாகச் சேர்த்துக்கொள், வசவுக்கு உனக்குப் பஞ்சம் இராது, என்னிடம் படித்தவன் நீ. கல்யாணத்துக்குள் அது முடியாது. எனக்குப் பன்னிரண்டு தவக்காலம் ஆயிற்று, நீ என் மகன், அதில் பாதியிலாவது முடிப்பாய்.

உன் மாமா மாலையோடு வருவான். நீ திரும்பி ரயில் ஏறினாலும் சரி, அவன் வருவான். ஆனால் உன் தீர்ப்பை நான் மதிக்கிறேன், அது சரியான தீர்ப்புதான், ஆளின் பெயர்தான் தப்பு. அப்பாவின் சாவுக்குக் காரணமானவர் உன் கல்யாணத்தில் நிற்கக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். இப்போது உனக்கு எல்லாம் தெரியும். நான் கோவிலுக்கு வரலாமா, கூடாதா? எழுது. இந்தத் தடவையும் நாலு வரி போதும்.

இப்படிக்கு,
அம்மா